வெள்ளிவிழா ராணிக்கு வந்த மூக்கு

எண் 14, பள்ளிக்கூடத் தெரு,
ஸ்கெல்பி, யார்க்‌ஷயர்.
30 மே 2022, திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.

மரியாதைக்குரிய அக்கா டோரீன் அவர்களுக்கு,

தம்பி கிளிஃபோர்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இடது முழங்கால் நீங்கலாக நான் இங்கே சுகம். ஃபைலியின் கடற்காற்றில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸ் அட்டையில் உன் பெயரைத் தவிர வேறொரு எழுத்தும் நீ எழுதுவதில்லை என்பதால், நம்பிக்கையைத் தவிர எனக்கு வேறு தகவல் இல்லை. பத்து வருஷம் கழித்துத் தம்பியிடமிருந்து கடிதம் வருகிறதே, மன்னிப்புக் கேட்கத்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதே. இது அலுவல் கடிதம். உன்னிடம் ஒரு கையெழுத்து வேண்டும். அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு நீ பாட்டுக்கு மறுபடியும் கோபமாக இருந்துகொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

விஷயம் இதுதான். ராணியம்மா பட்டத்துக்கு வந்து எழுபது வருஷம் ஆகிறதல்லவா, வருகிற வியாழக்கிழமை விழா. நம் ஊரில் இருக்கிற ஐந்து தபால் பெட்டிகளின் தலையிலும் கம்பளி நூலில் பின்னிய பொம்மைகளை உட்கார வைப்பது என்று முடிவாயிற்று. ஒரு பெட்டிக்கு ஒரு கட்டம். மாதா கோயில் பெட்டியில் 1953 முடிசூட்டு விழா, நம் தெருப் பெட்டியில் 1977 வெள்ளிவிழா, கசாப்புக் கடைப் பெட்டியில் 2002 பொன்விழா, ஆற்றோரப் பெட்டியில் 2012 வைரவிழா, ஊராட்சி அலுவலகப் பெட்டியில் இந்த வருஷம். ஓய்வுபெற்ற தபால்காரனுக்கும் கம்பளி நூலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். செவ்வாய்க்கிழமைதோறும் நூலகத்தில் பின்னல் வட்டம் கூடுகிறது, அங்கே கணப்பும் உண்டு, இஞ்சி பிஸ்கட்டும் உண்டு. வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை ரேடியோ ஒன்றுதான், அதுவும் நான் சொல்வதைக் கேட்பதே இல்லை. பிஸ்கட்டுக்காகப் போனவன் கையில் ஊசியைத் திணித்துவிட்டார்கள், அந்தக் கூட்டத்தில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். உங்களுக்கு எந்த வருஷம் வேண்டும் என்று கேட்டபோது 2012 மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஊருக்கே தெரியும்.

உனக்கும் தெரியாததல்ல. ஆனாலும் அலுவல் கடிதம் என்பதால் பதிவு செய்துவிடுகிறேன். வைரவிழாக் கேக் போட்டிக்கு நான் நடுவர். போட்டி விதி, விக்டோரியா கேக் இரண்டு அடுக்கு, நடுவில் ராஸ்பெரி ஜாம், வேறெதுவும் கூடாது. நீ ஜாமுக்கு மேல் கிரீமும் வைத்திருந்தாய். அக்காவுக்குச் சலுகை காட்டினான் என்று ஊர் பேசிவிடுமோ என்று பயந்து, அத்தனை பேர் முன்னால், நீ செய்த கேக்கின் மேல் "விதிப்படி இல்லை" என்ற அட்டையைச் செருகினேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது, கூடாரம் ஒழுகிற்று, அந்த அட்டையில் மட்டும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. நீ கேக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாய், அடுத்த மாதம் ஃபைலிக்குப் போய்விட்டாய். அம்மா போன பிறகு நாம் இரண்டு பேருமாகக் காத்த வீட்டில் அன்று முதல் நான் தனி. விதி விதிதான் என்று அப்போது சொன்னேன். இப்போதும் அதையேதான், ஏறக்குறைய, சொல்வேன்.

சரி, பொம்மைக்கு வருகிறேன். உடம்பு பின்னுவது பெரிய காரியமில்லை, கால் உறைக்குக் குதிகால் இல்லாவிட்டால் உடம்பு வந்துவிடும். 1977-இல் ராணியம்மா போட்டிருந்தது ரோஜா நிறத் தொப்பி, அதில் குட்டிக் குட்டி மணிப்பூக்கள் தொங்கும், இருபத்தைந்து வருஷத்துக்கு இருபத்தைந்து பூ என்று சொல்வார்கள். நான் பதினாறு பின்னியதும் விரல் விறைத்துக்கொண்டது, மீதி ஒன்பது வருஷத்தை ராணியம்மா மன்னிக்கட்டும். கையில் ஒரு செங்கோல் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று, அன்றைக்கு அவர் செங்கோல் எதுவும் எடுத்துக்கொண்டு திரியவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. செங்கோலின் உச்சி சரியாக நிற்காமல் தலைசாய்ந்ததால் அதை வட்டமாகத் தட்டையாகப் பின்னிவிட்டேன். முகம்தான் படுத்திவிட்டது. மூக்கை மட்டும் பதினோரு தடவை பிரித்துப் பின்னினேன். கடைசியில் ஒரு மூக்கு வந்தது, அதற்கேற்ற புருவம் வந்தது, "எங்கிட்டேயேவா" என்று கேட்கிற மாதிரி ஒரு முகவாய் வந்தது. எட்ட வைத்துப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. குரங்கு என்று உன்னைச் சொல்லவில்லை, பழமொழி அப்படி. அக்கா, ரோஜா நிறத் தொப்பி போட்டுக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய்.

தற்செயல்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஒருவேளை எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதோ, தனியாக இருக்கிறவனுக்குச் சுவரில்கூட முகம் தெரியுமே என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஏணி போட்டுப் பெட்டியின் தலையில் ஏற்றிக் கட்டிவிட்டு டீ போட உள்ளே வந்தேன். பெட்டி இருக்கிற இடம் உனக்கு மறக்காது. முப்பத்தொரு வருஷம், வெள்ளைக் கோட்டும் கையில் வட்டப் பலகைக் கம்புமாக, நீ வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைத் தெருக் கடத்திவிட்ட அதே இடம். டீ இறங்குவதற்குள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், பெட்டிக்கு எதிரே ரொட்டிக்கடை வேன் நிற்கிறது. ஓட்டுகிறவன் கீத், உன் கையால் தெருக் கடந்து வளர்ந்த பையன், இப்போது நாற்பத்தாறு வயசு, தலையில் மயிரில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் பால் வண்டி, அப்புறம் இன்னும் மூன்று கார், கடைசியில் பத்தாம் நம்பர் பஸ். யாரும் ஹாரன் அடிக்கவில்லை, நம் ஊரில் யார் அடிப்பார்கள்? முன்னால் நிற்கிறவனுக்குக் காரணம் இருக்கும் என்று பின்னால் வந்தவன் நின்றான், வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் நிற்பதுதானே மரியாதை என்று அவனுக்குப் பின்னால் வந்தவன் எஞ்சினையே அணைத்துவிட்டான். நான் செருப்போடு ஓடினேன்.

"என்னடா கீத், வண்டி படுத்துடுச்சா?"

"இல்ல கிளிஃப்ண்ணே. டோரீன் மிஸ் இன்னும் பலகைய இறக்கலையே."

"அது ராணிடா!"

"ராணியா?" அவன் தலையை வெளியே நீட்டி இன்னொரு தடவை பார்த்தான். "எங்கண்ணே ராணி? அது மிஸ்ஸு. இப்பக்கூட என்னைத்தான் மொறைக்கிறாங்க பாருங்க. நான் சூயிங்கம் துப்பிட்டேன், தெரியுமா?"

"பொம்மைடா அது. நீ போ."

"நீங்க சொல்லி எப்படிண்ணே போறது? அவங்க சொல்லணும்ல?"

கடைசியில் நான் ஏணியில் ஏறி, அந்தச் செங்கோலை இறக்கிப் பிடித்த பிறகுதான் வேன் நகர்ந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அன்று மாலைக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டது. பாங்கு மானேஜர் பெட்டியைத் தாண்டும்போது கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொள்கிறார். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பேரன் பேத்தி எடுத்த பெண்கள் இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு, வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்தார்கள், இத்தனைக்கும் அப்போது தெருவில் ஒரு பூனைகூட இல்லை. மற்ற நாலு பெட்டிகளையும் ஒருவரும் சீந்தவில்லை. கோயில் பெட்டியில் தங்க ரதத்துக்கு எட்டுக் குதிரை வேண்டும், நூல் மூன்றோடு தீர்ந்துவிட்டது, மீதி ஐந்து குதிரை மேயப் போயிருக்கிறது என்று பாதிரியம்மா ஜில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊராட்சி அலுவலகப் பெட்டி திருமதி பெண்டில்பரி பின்னியது. அதில் ஒரு இழை பிசகில்லை, நின்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

அங்கேதான் வந்தது வினை. திருமதி பெண்டில்பரி விழாக் கமிட்டியின் தலைவி, உனக்குத் தெரியும், கனவு கண்டால்கூட அதற்கு நிகழ்ச்சிக் குறிப்பு எழுதி வைக்கிற பெண்மணி. சனிக்கிழமை காலை அளவு நாடாவும் கமிட்டிக் கோப்புமாக வந்து பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"கிளிஃபோர்ட், இது யாரு?"

"ராணியம்மாங்க."

"ராணியம்மாவை எனக்குத் தெரியும். எழுபது வருஷமா தபால்தலையில பார்த்திட்டிருக்கேன். இது உங்க அக்கா."

"தற்செயலா அமைஞ்சுடுச்சுங்க."

"தற்செயலா ஒரு பொத்தான் அறுந்து விழும். மூக்கு அமையாது. விதி எண் ஏழு: உயிரோட இருக்கிற ஊர்க்காரங்க யாரையும் அவங்க எழுத்துமூலமான சம்மதம் இல்லாம பொம்மையா வைக்கக் கூடாது. சம்மதக் கடிதம் இருக்கா?"

"அவ எங்கூடப் பேசறதே இல்லீங்க."

"அது குடும்ப விஷயம், கோப்புல வராது. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கமிட்டி கூடுது. அதுக்குள்ள கடிதம் வரலேன்னா தலைய மாத்திடுவோம்."

மாற்றுத் தலை ஏற்கனவே தயார். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைத் தலை, பொன்னிறக் கூந்தல், பதினேழு வயது, கண்ணைச் சாய்த்தால் மூடிக்கொள்ளும். அதை என் ரோஜா நிறத் தொப்பிக்குக் கீழே வைத்தால் எப்படியிருக்கும் என்று நீயே யோசித்துப் பார். பிறகு அந்த அம்மாள் கோப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பொம்மையின் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார். கிட்டே போய்ப் படித்தேன். "விதிப்படி இல்லை."

அக்கா, தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்கள். என்னைச் சுட்டது அப்பம்கூட இல்லை, ஒரு அட்டை. ஆறு வாரம் விரல் வீங்கப் பின்னிய ஒன்றின் கழுத்தில் அதைப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, பூந்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று எதிர்வீட்டில் சொல்லிவைத்தேன். நீ அந்தக் கேக்குக்கு முதல்நாள் முழுக்க முட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தாய். கிரீம் வைத்தது எனக்குக் கிரீம் பிடிக்கும் என்பதால். போட்டி முடிந்ததும் நான் அதைத்தான் தின்னப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் செருகினேன்.

சனிக்கிழமை முழுக்க 1953 ஞாபகம்தான். எனக்கு நாலு வயசு, உனக்கு ஒன்பது. தெருவிலேயே ஹெப்வொர்த் வீட்டில் மட்டும்தான் டெலிவிஷன், சட்டையும் தொப்பியுமாக இருபத்திரண்டு பேர் அந்த முன்னறையில். வெளியே மழை. எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. கிரீடம் தலைக்கு மேலே வந்துவிட்டது, அந்த நேரத்தில் எழுந்தால் ராஜத்துரோகம் என்று அப்பா கண்ணால் சொன்னார். நான் அடக்கினேன், அடக்கினேன், "ராணி வாழ்க" என்று எல்லாரும் எழுந்து நின்ற நிமிஷத்தில் ஹெப்வொர்த் வீட்டுப் புதுக் கம்பளத்தில் விட்டுவிட்டேன். நீ கையிலிருந்த எலுமிச்சை பானத்தை அப்படியே அதன் மேல் கவிழ்த்தாய். "நான்தாம்மா கொட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றாய். அம்மா உன்னை மட்டும் வீட்டுக்கு இழுத்துப் போனாள், அன்றைய தெரு விருந்தில் உனக்கு இடமில்லை. ஒரு விதி எனக்காக வளைய வேண்டியிருந்தபோது நீ யோசிக்கவே இல்லை. உனக்காக ஒன்று வளைய வேண்டியிருந்தபோது நான் அட்டையை நிமிர்த்திச் செருகினேன்.

தற்செயல் என்று மேலே எழுதினேன் அல்லவா, அது பொய். 1977-இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளைக் கோட்டோடு நீ எடுத்துக்கொண்ட போட்டோ இருக்கிறதே, அதைத் தேநீர்க் கெண்டியில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் ஆறு வாரமும் பின்னினேன். ராணியம்மா படத்தையும் வைத்துப் பார்த்தேன், கை உன் பக்கமே போயிற்று. எழுபது வருஷம் ஒரே இடத்தில் நின்று, மழையென்றும் பனியென்றும் பாராமல், எல்லாரையும் பத்திரமாக மறுகரை சேர்ப்பது என்றால் எனக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

ஆகவே அலுவல் விஷயம்: ஒரே ஒரு அட்டை எழுது. "என் முகத்தை வைக்க எனக்குச் சம்மதம், டோரீன் அக்ராய்டு." அவ்வளவு போதும். நீ ஒன்றும் வர வேண்டாம், நானும் வரப்போவதில்லை. இருவருக்கும் வயசாயிற்று, பழைய கதையை நேருக்கு நேர் பேசினால் இரண்டில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். இன்று மாலை ஐந்தரை மணித் தபாலில் இதைப் போடுகிறேன், நாளை உனக்குக் கிடைக்கும், நீ உடனே போட்டால் புதன்கிழமை எனக்குக் கிடைக்கும். ஊர் உன் பக்கம்தான். தலையை மாற்றக் கூடாது என்று கீத் இருநூற்றுப் பதினோரு கையெழுத்து வாங்கிவிட்டான். "நானும் போட்டுட்டேன் கிளிஃப், ஆனா இருநூறு கையெழுத்து இருந்து என்ன, அவங்க கையெழுத்துல்ல வேணும்" என்றார் பாதிரியம்மா ஜில். நம்பிக்கையோடு இருக்கிறேன். மூன்று குதிரையோடு ஒரு ரதம் நிற்கிற ஊரில் எதுவும் நடக்கலாம்.

உன் மூட்டு வலி குறையவும், ஃபைலியில் மழை குறையவும், உன் ஜெரேனியப் பூக்களை நத்தை தொடாதிருக்கவும் வேண்டிக்கொண்டு, ராணியம்மாவுக்கும் உனக்கும் நீண்ட ஆயுளை விரும்பும்,

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
கிளிஃபோர்ட் அக்ராய்டு
(தபால் துறை, முப்பத்தெட்டு வருஷம், ஓய்வு)

பின்குறிப்பு: எழுதி முடித்து நிமிர்ந்தால் மணி ஆறு பத்து. முப்பத்தெட்டு வருஷம் ஊருக்குக் கடிதம் கொடுத்தவன் தன் கடிதத்துக்குத் தபாலைத் தவற விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை போட்டால் புதன்கிழமைதான் உனக்குக் கிடைக்கும், உன் பதில் வருவதற்குள் பதினேழு வயதுத் தலை ஏறிவிடும். ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டு, காலையில் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். இந்த வரிகளை மூன்றாவது பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து ஆடுவது ரோட்டினால்.

வழியெல்லாம் யோசித்ததில், மேலே எழுதியதில் பாதி தப்பு என்று தெரிகிறது. சம்மத அட்டை வேண்டாம். ஊர் அந்தப் பொம்மைக்கு எந்தத் தலையை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். நான் போட்டோவைப் பார்த்துத்தான் பின்னினேன், அக்கா. 1977-இல் நீ எப்படி இருந்தாய் என்பது எனக்கு ஒவ்வொரு இழையாகத் தெரியும், இப்போது எப்படி இருக்கிறாய் என்று தெரியாது. அதைப் பார்க்காமல் நான் திரும்பிப் போக மாட்டேன்.

மன்னித்துக்கொள். அலுவல் கடிதம் என்று சொன்னதற்கும் சேர்த்து.

இப்போது உன் வாசலில் நின்று, கதவையே மேசையாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மணியை அழுத்தக் கை வரவில்லை, தபால்காரன் புத்தி, கடிதத்தைக் கதவிலுள்ள தபால் துளையில் தள்ளிவிட்டு நிற்கப் போகிறேன். பக்கத்து வீட்டம்மாள் கால் மணி நேரமாகத் திரைச்சீலையை விலக்கி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கையில் டெலிபோன் இருக்கிறது. உள்ளே உன் கெண்டி விசிலடிப்பது கேட்கிறது. கதவைத் திற அக்கா.